ஐஸ்கிரீம் பெட்டியில் நாற்பது நாள் சாப்பாடு

கூத்தாநல்லூர் உபைதுல்லா பாய்க்கு ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியாது. தொள்ளாயிரம் பேருக்குத் தெரியும். நானூறு பேருக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். நூறு என்றால் கொஞ்சம் யோசிப்பார். அதற்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும்.

இது எனக்குத் தெரியவந்தது ஏப்ரல் மாதம் முதல் வாரத்தில். அவர் மகள் ஆஷிகாவுக்கு ஒன்பதாவது மாதம். பிரசவம் முடிந்த பிறகு தாயையும் பிள்ளையையும் காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னைக் கேட்டிருந்தார்கள். நான் முப்பத்து நான்கு வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பு வீட்டைப் பார்ப்பேன்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை எத்தனை அடி தூரம், சமைப்பது யார். முதல் இரண்டும் சரியாக இருந்தன. மூன்றாவதற்கு பாய் தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினார்.

அவர் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் வேறு பெண்கள் இல்லை. மருமகன் சித்தீக் ஷார்ஜாவில் இருந்தான், விடுமுறை ஆகஸ்டில்தான். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். தாயே இல்லாத வீட்டை எப்படித் தாய் வீடு என்பது என்று சித்தீக்கின் அம்மா பாத்திமா பட்டுக்கோட்டையிலிருந்து போனில் கேட்டிருக்கிறார். அவருக்கு அங்கே தென்னந்தோப்பு. குரலும் தென்னை உயரம். மருமகளைத் தானே அழைத்துக்கொண்டு போய் நாற்பது நாளும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் உபைதுல்லா பாய் ஒப்பவில்லை.

காரணத்தை அவர் எனக்கு ஒரே மூச்சில் சொன்னார். இருபத்து மூன்று வயதில் குவைத்துக்குப் போனவர். ஒரு எண்ணெய்க் கம்பெனியின் மத்தியச் சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவி, பிறகு காய் நறுக்கி, பிறகு தலைமைச் சமையல்காரர் ஆனார். பாலைவனத்துக்குள் நூறு கிலோமீட்டர் தள்ளி கேம்பில் தங்கி வேலை செய்யும் ஆட்களுக்கு அந்தக் கூடத்தில் சமைத்து, உறையவைத்து, லாரியில் அனுப்புவார்கள். இருபத்தாறு வருடத்தில் ஒன்பது தடவை ஊருக்கு வந்தார். ஆஷிகா பிறந்தபோது அங்கே இருந்தார். முதன்முதலாக அவளைப் பார்த்தபோது அவளுக்கு இரண்டு வயது. இவரைப் பார்த்ததும் அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். ஒரு நாள் முழுக்க வெளியே வரவில்லை.

"எம்மக புள்ளையாச்சும் என்னயப் பாத்து அழாம இருக்கட்டும், நர்ஸம்மா. பொறந்த நாள்லேருந்தே என் மூஞ்சி பழகிரும்ல" என்றார்.

பாத்திமாம்மா கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். பத்தாம் நாள் பிள்ளை பார்க்க வருவார். மருமகள் உடம்பில் ஏதாவது குறை தெரிந்தாலும், குறிப்பாக ஃபிரிட்ஜில் வைத்த சோறு ஒரு வாய் உள்ளே போயிருந்தாலும், அன்றைக்கே தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். பச்சை உடம்பு, குளிர்ச்சி ஏறினால் ஜன்னி வந்துவிடும் என்பது அவர் கட்சி.

சரி, பாய் என்ன சமைப்பார் என்று பார்க்கலாம் என்று பூண்டுக் குழம்பு வைக்கச் சொன்னேன். ஒரு ஆளுக்கு. அவர் ஒரு சின்னச் சட்டியை எடுத்து, அதை ஏதோ பொம்மைச் சாமான் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சிட்டிகை என்றால் எவ்வளவு என்று என்னைக் கேட்டார். அவருடைய கணக்கில் உப்பு கிலோவில் தொடங்கும். அன்று வந்த குழம்பை நான் ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். வேதாரண்யம் உப்பளத்தை நக்கியதுபோல் இருந்தது. மறுநாள் தீய்ந்தது. மூன்றாம் நாள் புளி மட்டும்தான் இருந்தது, பூண்டை மறந்துவிட்டார்.

நான்காம் நாள் நான் போனபோது கொல்லையில் கல் அடுப்பு கூட்டி, அண்டா ஏற்றி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டு நின்றார். நூறு பேர் அளவு. நான் கரண்டியை வாங்கி ருசி பார்த்தேன். என் அறுபத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு பூண்டுக் குழம்பு சாப்பிட்டதில்லை. மிளகு தொண்டையில் இறங்கி காது வழியாக வெளியே வந்தது.

தெரு முழுக்கக் கொடுத்தும் பாதி அண்டா மிஞ்சியது. அதைப் பார்த்துக்கொண்டு இருவரும் நின்றோம். குவைத்தில் என்ன செய்வீர்கள் என்று நான்தான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் ஷேக் பரீத் வீட்டுக்கு ஓடினார்.

ஷேக் பரீத் பஸ் ஸ்டாண்டு பக்கம் கூல்டிரிங்ஸ் கடை வைத்து மூடியவர். கடையிலிருந்த ஐஸ்கிரீம் பெட்டி அவர் மாட்டுக்கொட்டகையில் சும்மா கிடந்தது. மேல்மூடி போட்ட நீளப் பெட்டி, பக்கத்தில் மாம்பழ ஐஸைக் கடிக்கும் ஒரு கரடியின் படம். நான்கு பேர் அதைத் தெரு வழியாகத் தூக்கி வந்தார்கள். பின்னால் பிள்ளைகள் ஊர்வலமாக வந்தார்கள். அன்றிலிருந்து தினம் நாலு தடவை கதவைத் தட்டி "ஐஸ் இருக்கா" என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுச் செம்மொழி, ஆறு வயது, ஒரு நாள் யாரும் பார்க்காதபோது மூடியைத் தூக்கி, ஐஸ் தட்டில் உறையவைத்திருந்த இஞ்சி பூண்டு விழுதில் ஒரு கட்டியை வாயில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் கேட்டு வரவில்லை.

ஏப்ரல் பத்திலிருந்து பதினான்கு வரை சமையல் நடந்தது. பதினைந்தாம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும், ஜூன் பாதி வரை பெரிய படகு கடலுக்குப் போகாது என்று பாய் முன்கூட்டியே நாகப்பட்டினம் போய்ப் பால் சுறா வாங்கி வந்தார். பால் ஊறுவதற்கு எங்கள் பக்கத்தில் சுறா புட்டுதான் முதலில் வரும். பூண்டுக் குழம்பு, நாட்டுக்கோழிச் சாறு, ஆட்டுக்கால் சூப், முருங்கைக்கீரை போட்ட பருப்பு, இட்லி, இடியாப்பம். உருளைக்கிழங்கு வேண்டாம், உறைந்து எழுந்தால் மணல் மணலாக இருக்கும் என்றார். பாத்திமாம்மா ஒரு மூட்டைத் தேங்காய் அனுப்பியிருந்தார் என்பதற்காகத் தேங்காய்ப்பால் ஊற்றி ஒரு குருமா செய்து பார்த்தார். உருகியபோது தண்ணீர் தனி, திப்பி தனி. அதை விட்டுவிட்டு, சாப்பிடும் அன்றைக்குப் புதிதாகப் பால் பிழிந்து ஊற்றுவது என்று முடிவாயிற்று. சோறு மட்டும் அன்றன்றைக்கு மின்சாரக் குக்கரில். அதில் கோடு போட்டிருந்ததால் அவருக்குத் தப்பு வரவில்லை.

நான் இரண்டே விதி சொன்னேன். சமைத்தது இரண்டு மணி நேரத்துக்குள் ஆறி உள்ளே போக வேண்டும். வெளியே எடுத்தது தளதளவென்று கொதிக்க வேண்டும், மீந்தால் திரும்ப உள்ளே போகக் கூடாது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, இதை நான் அவருக்குச் சொல்வதா என்பதுபோல் ஒரு சிரிப்புச் சிரித்தார். அண்டா சீக்கிரம் ஆற வேண்டுமென்றால் ஐஸ் தண்ணீரில் இறக்கிக் கிளற வேண்டும். அவ்வளவு பெரிய தொட்டி வீட்டில் இல்லை. நான் உள்ளே போய்வந்து பார்த்தால், பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பட்டுக்கோட்டையிலிருந்து வந்த ரோஸ் நிறக் குளியல் தொட்டியில் ஆட்டுக்கால் சூப் மிதந்துகொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் ஆஷிகாவுக்கு அன்றே வலி எடுத்துவிடும் என்று பயந்தார்கள். வேறு தொட்டி வாங்கினோம். ரோஸ் தொட்டி சமையலறைக்கே போய்விட்டது.

எல்லாவற்றையும் ஒரு ஆள் அளவில் பையில் போட்டுத் தட்டையாக அழுத்தி, ஒட்டுச் சீட்டில் பெயர், தேதி, மணி எழுதினார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பழக்கதோஷத்தில், கேம்பில் எந்தக் கட்டடத்து ஆட்களுக்கு என்று குறிப்பதுபோலவே, மூலையில் 'பிளாக் ஏ' என்றும் எழுதிவிட்டார். ஆஷிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அத்தா, நான் பிளாக் ஏவா? அப்ப உள்ள இருக்கறது?"

"அதுக்கு உங்கிட்டதான் சப்ளை. தனி பிளாக் கெடயாது" என்றார்.

ஏப்ரல் இருபத்தெட்டு காலையில் பெண் பிள்ளை பிறந்தது. சுகப்பிரசவம். எடை இரண்டு கிலோ எண்ணூறு. பாய் பேத்தியின் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவள் தும்மினாள். அழவில்லை. அதை மூன்று நாள் எல்லோரிடமும் சொன்னார்.

அடுத்த ஒன்பது நாளும் கடிகாரம்போல் ஓடின. காலை எட்டுக்கு "பிளாக் ஏ சாப்பாடு ரெடி" என்று குரல் வரும். ஆஷிகா தட்டைத் துடைத்துச் சாப்பிட்டாள். பால் நன்றாக இறங்கியது. பாத்திமாம்மா கேட்டால் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுங்கள் என்று நான் பாயிடம் இரண்டு தடவை சொன்னேன். நாற்பது முடிந்ததும் சொல்கிறேன் என்றார். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது அவர் வீட்டு விஷயம்.

பத்தாம் நாள் வியாழக்கிழமை யாரும் வரவில்லை. பாய்க்கு நிம்மதி. மறுநாள் வெள்ளிக்கிழமை பன்னிரண்டே கால் மணிக்கு, அவர் ஜும்மாவுக்குக் கிளம்பித் தொப்பியைத் தலையில் வைக்கும்போது, வாசலில் வேன் வந்து நின்றது. பாத்திமாம்மா இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டே இருந்தார்கள். மொத்தம் பதினைந்து பெண்கள்.

பிள்ளை பார்க்க வந்தவர்கள் கை நனைக்காமல் போகக் கூடாது. தொழுகை நேரம், கடைகள் சாத்தியாகிவிட்டன. வீட்டில் இருந்தது பெட்டி மட்டும். அது கூடத்தை ஒட்டிய அறையில் இருந்தது. முந்தின நாளே பாய் அதன்மேல் மெத்தையைப் போட்டு, பூப்போட்ட விரிப்பால் தரை வரை மூடியிருந்தார். நாங்கள் திரும்புவதற்குள் இரண்டு இளம்பெண்கள் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த மேடை ஏன் முனகுது?" என்றாள் ஒருத்தி.

பழைய வீடு, அப்படித்தான் என்று பாய் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பொய் ஒட்டாத அவர் முகத்தை இருபத்தாறு வருடம் தொள்ளாயிரம் பேர் நம்பிச் சாப்பிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கூடத்துக்குப் போய்த் தொங்கு தராசை மாட்டி, பிள்ளையை எடை போடப்போகிறேன், பார்க்கிறவர்கள் வரலாம் என்றேன். பதினைந்து பேரும் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். பிள்ளையைத் துணித்தொட்டிலில் வைத்துத் தூக்கினேன். முள் ஆடி நின்றது. இரண்டு கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது. முதல் வாரம் குறைந்ததையும் ஈடுகட்டி, மேலே நூற்றைம்பது கிராம் ஏறியிருந்தது. ஒவ்வொருத்தியும் முள்ளைத் தானே பார்க்க வேண்டும் என்றாள். நானும் சலிக்காமல் பதினைந்து தடவை காட்டினேன். அதற்குள் பாய் பெட்டியைக் காலி செய்து, அடுப்புகளில் ஏற்றி, பானையில் சோறு வடித்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினார். ஓடும்போது முகத்தில் பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம் தெரிந்தது. பதினைந்து பேர். ஒரு ஆளைவிட அவருக்குச் சுலபம்.

அப்படி, பதினைந்து பேரும் பிள்ளை பெற்றவளுக்கான பத்தியச் சாப்பாட்டை வெளுத்து வாங்கினார்கள். பூண்டுக் குழம்புக்கு மூக்கு ஒழுகியது. ஒரு வயதானவர் சூப்பை மூன்று தடவை கேட்டு வாங்கினார். தனக்கு இன்றைக்குப் பால் ஊறினாலும் ஊறும் என்றார். கூடம் அதிர்ந்தது.

பாய் தொழுதுவிட்டுத் திரும்பியபோது பாத்திமாம்மா இரண்டாவது முறை சுறா புட்டு போட்டுக்கொண்டிருந்தார். வாயில் வைத்தவர் நிறுத்தினார்.

"சம்மந்தி, இது பால் சுறா தானே?"

"ஆமா, சம்மந்தி."

"படகு கடலுக்குப் போயி இருவது நாளைக்கி மேல ஆகுது. எங்க மார்க்கெட்டுல கண்ணுல காணோம். ஒங்களுக்கு மட்டும் யாரு கடல்லேருந்து கொண்டாந்து குடுத்தா?"

பாய் தலையில் தொப்பியோடு நின்றார். தொழுது வந்த வாயால் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

"இது ஏப்ரல் பன்னெண்டாந்தேதி செஞ்சது. சாயந்திரம் நாலு மணிக்கி" என்றார்.

உள்ளே அழைத்துப் போய் விரிப்பை உருவினார். கரடி தெரிந்தது. பாத்திமாம்மா கரடியைப் பார்த்தார், மூடியைத் தூக்கினார், அடியில் கிடந்த ஒரு பொட்டலத்தை எடுத்துச் சீட்டை எட்டப் பிடித்துப் படித்தார்.

"யாரு இந்த பிளாக் ஏ?"

"நாந்தான், மாமி" என்றாள் வாசற்படியில் நின்ற ஆஷிகா. பின்னால் யாரோ சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பாத்திமாம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, இதற்கு நானும் உடந்தையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆஷிகாவுக்குக் காய்ச்சல் ஒரு நாளும் இல்லை, உதிரப்போக்கு முறையாகக் குறைகிறது, மலச்சிக்கல் இல்லை, பால் போதுமா என்பதற்கு முள்ளை நீங்களே பார்த்தீர்கள் என்றேன். ஐஸ் தண்ணீர் குடித்தால் நானே திட்டுவேன், இது கொதிக்கக் கொதிக்கத் தட்டுக்கு வந்தது, நீங்களும் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டீர்கள், உங்களுக்கு ஜன்னி வந்தால் எனக்கு போன் செய்யுங்கள் என்றேன்.

அவர் பொட்டலத்தை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு, கெட்டுப்போகவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் பெட்டியைக் காட்டினார். அடியில் இரண்டு சூப்பும் ஒரு தட்டுப் பூண்டு விழுதும்தான் கிடந்தன.

"நாளைக்கி எம்மருமக என்ன சாப்புடுவா? ஒங்களால ஒத்தை ஆளுக்கு ஒல வைக்க முடியாதுன்னு இந்த ஊருக்கே தெரியுமாமே. ஆஷிகா, பைய எடும்மா."

பாத்திமாம்மா செம்மொழியின் அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார்; பெட்டியைப் பற்றி மட்டும் அந்த அம்மா சொல்லவில்லை. யாரோ ஒரு பெண் ஆஷிகாவின் பையை எடுத்துக்கொண்டு போய் வேனில் வைத்துவிட்டாள். ஆஷிகா பிள்ளையை மார்போடு பிடித்துக்கொண்டு தன் தகப்பனாரைப் பார்த்தாள். அவரோ அவளைப் பார்க்காமல், கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

"பதினஞ்சு பேரு" என்றார். "முப்பது கை. சம்மந்தி, அஞ்சு மணி வரைக்கும் டைம் குடுங்க. பெட்டி நெரம்பலைன்னா நானே வேன்ல ஏத்தி விடுறேன்."

அதற்கு அனுமதி கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை. ஜும்மா முடிந்து கடைகள் திறந்திருந்தன; பாய் போன் செய்ததும் ஷேக் பரீத் ஒரு மூட்டைப் பூண்டோடும் பத்து நாட்டுக்கோழியோடும் வந்தார். பாய் கேம்ப் குரலில் வேலை பிரித்தார். ஆறு பேர் பூண்டு, நாலு பேர் சின்ன வெங்காயம், மூன்று பேர் முருங்கைக்கீரை ஆய்வது. ஒருத்தி மிளகு வறுக்க. மேடைமேல் காலாட்டிய இருவருக்கும் வெங்காயம். அவர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். கூடம் முழுக்கப் பூண்டுத் தோல் பறந்தது. சூப் கேட்ட அம்மாள் பாட ஆரம்பித்தார். மற்றவர்கள் கூடச் சேர்ந்துகொண்டார்கள். ஆஷிகா கட்டிலில் சாய்ந்தபடி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, தோலில் ஒன்றைத் தன் முக்காட்டிலிருந்து ஊதித் தள்ளினாள்.

பாத்திமாம்மா கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் தாங்கினார். பாய் புளி கரைப்பதைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். இப்படியா கரைப்பது என்று பாத்திரத்தைப் பிடுங்கினார். உப்பு போதாது என்றார். சூடு பண்ணும்போது வற்றி ஏறும் என்றார் பாய். ஏறாது என்றார் இவர். ஏறும் என்றார் அவர். அண்டாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு, ஆளுக்கொரு கரண்டியோடு கிளறினார்கள். ஆற வைக்கும்போது மட்டும் சின்னத் தடங்கல்.

"இது நான் அனுப்புன தொட்டில்ல?" என்றார் பாத்திமாம்மா, கோழிச்சாறு மிதக்கும் ரோஸ் தொட்டியைப் பார்த்து.

பிறகு அவரே துடுப்பை எடுத்துக் கிளற ஆரம்பித்தார்.

ஐந்தே கால் மணிக்குப் பெட்டியை மூட முடியவில்லை. அந்த இரண்டு பெண்களையும் மறுபடி மேலே ஏறி உட்காரச் சொன்னோம், அப்போதுதான் மூடிக்கொண்டது. பாத்திமாம்மா புடவையில் கையைத் துடைத்தார். பேத்தியின் உள்ளங்காலில் ஒரு முத்தம் கொடுத்தார். மருமகளிடம் ஜூன் ஏழாம் தேதி அழைத்துப்போக வருவதாகச் சொன்னார். எத்தனை பேர் என்று பாய் கேட்டார். இருபது என்றார். பாய் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது.

வேன் கிளம்பித் தெருமுனை வரை போய் நின்றது. பிறகு பின்பக்கமாகவே திரும்பி வந்தது. ஆஷிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது. ஜன்னல் வழியாக அவளுடைய பை வெளியே வந்தது. அதற்குப் பின்னால் பாத்திமாம்மாவின் தலை.

"சம்மந்தி, அந்தச் சுறா புட்டு ஒரு பொட்டலம் மிச்சம் இருக்குமா?"

ஜூன் பாதி வரை வழியில்லை என்று பாய் சொன்னார். உள்ளே ஓடிப்போய், பூண்டுக் குழம்பு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினார். அவர் தாளைப் பிரித்துச் சீட்டை எட்டப் பிடித்துப் படித்தார். பூண்டுக் குழம்பு, மே எட்டு, மாலை ஐந்து மணி, ஒரு ஆள். மூலையில், மை காயாமல், பிளாக் பி.